லொறிக்கு மின்விசிறி பூட்டுமுன்

வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறும் வீதியில் நண்பகல் வேளையில் பயணம் செய்தவர்கள், ஓரமாக ஒதுங்கி, சில்லுக்குக் கல் அணைத்து, கெபினைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆவி கக்கி நிற்கும் ஒரு லொறியையாவது கண்டிருப்பார்கள். எல்ல ஏற்றத்திலும், பசறையிலிருந்து நமுனுகுலைப் பக்கம் ஏறும் பாதையிலும் இதே காட்சிதான். இப்படிக் கொதித்து நிற்கும் லொறிகளுக்கு அண்மைக் காலமாக எங்கும் ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது. "ஒரு கரன்ட் பேன் பூட்டுங்கள், சரியாகிவிடும்." கழித்த ஜப்பான் கார்களிலிருந்து பிரித்தெடுத்த ரேடியேட்டர் விசிறிகள் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எமது நகரங்களின் பழைய சாமான் கடைகள் வரை கிடைக்கின்றன. அரைநாள் வேலையில் பூட்டி, சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

விசிறி பூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. பூட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படுவதில்லை. பூட்டிய விசிறிக்கு வயர் இழுக்கப்படும் விதமோ லொறியையே எரித்துவிடக் கூடியதாக இருக்கிறது. எனது குறை இவ்விரண்டும்தான்.

இது கராஜில் பேச வேண்டிய விடயம், இந்தப் பக்கங்களில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். எமது குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் நெடுங்காலம் தற்காலிக இடங்களில் காத்திருந்து, 2016 இல் தான் மக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளைக் கண்டார்கள். அதே 2014 இன் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டதைத் தொடர்ந்து பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே குலைத்துப் போட்டது. இவற்றில் எதனால் இடம்பெயர்ந்தவராக இருந்தாலும் பிறகு வரும் சிரமம் ஒன்றுபோலத்தான். வீடு ஓரிடத்தில் கிடைக்கிறது, மரக்கறிப் பாத்தி பழைய இடத்திலேயே கிடக்கிறது, பிள்ளைகளின் பாடசாலை மூன்றாவது இடத்தில். முன்பு தலைச்சுமையாகக் கொண்டுபோனதை இப்போது வாகனத்தில்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆகவேதான் பல இடங்களில் பத்துக் குடும்பங்கள், பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, சிக்கனக் கடன் சங்கத்தில் கடன் பட்டு, பாவித்த லொறி ஒன்றை வாங்குகின்றன. அதுவும் இலேசான காரியமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் தான் படிப்படியாக வழமைக்குத் திரும்பியது. இடையில் 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. இருபது, முப்பது வருடம் ஓடிய எல்ஃப், கன்டர் லொறிகளே கைமாறிக் கைமாறி எம்மிடம் வந்து சேர்ந்தன. லொறி ஒருநாள் வழியில் நின்றால் போஞ்சியும் லீக்ஸும் வாடுகின்றன. கெப்பட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் பிந்திப் போனவனுக்கு அன்றைய விலை கிடைப்பதில்லை. தம்புள்ளைக்கு என்றால் இன்னும் மோசம். லொறி ஒரேயடியாக எரிந்தால், கடன் மட்டும் பதினைந்து வீட்டிலும் உயிரோடு இருக்கும். பழைய லொறிகள் பலவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுக்கப்படுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காப்புறுதி, எமது லொறி எரிந்ததற்கு எமக்கு ஒரு சதமும் தராது.

இனிக் கொதிப்புக்கு வருவோம். லொறி ஏன் கொதிக்கிறது என்று கண்டுபிடியாமல் விசிறி பூட்டுவது, காய்ச்சல் ஏன் என்று பாராமல் விசிறிவிடுவதைப் போன்றதே. வெல்லவாயவிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் லொறி ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்கிறது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,430 மீற்றர் உயரத்தில் உள்ள ஹப்புத்தளையில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு அவிய நேரமாகிறது என்று பெண்கள் சொல்வது இதனால்தான். ரேடியேட்டருக்குள் இது நடக்காமல் தடுப்பது அதன் மூடி. மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பார்கள். அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அளவு. 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால், ஹப்புத்தளையில்கூட 115 பாகை வரை தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, ஸ்பிரிங் சோர்ந்து போயிருந்தால் 95 பாகையில் கொதித்து வெளியே தள்ளும். மூடி ஒன்றின் விலையில் தீரக்கூடிய நோய்க்கு எத்தனை பேர் விசிறி பூட்டியிருக்கிறார்களோ!

அடுத்தது தண்ணீர். வழியில் கண்ட பீலித் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் வருடக்கணக்காக ஊற்றி வந்த ரேடியேட்டரின் குழாய்களில் சேறும் சுண்ணாம்புப் படிவும் அடைத்திருக்கும். சூடேறிய ரேடியேட்டரைச் சற்று ஆறவிட்டு, எஞ்சின் நின்றபின், முகப்பை மேலும் கீழுமாகக் கையால் தடவிப் பார்த்தால் சில இடங்கள் சில்லென்று இருக்கும். அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் எத்தனை விசிறி சுழன்றாலும் பயனில்லை. கழற்றி, மேல்தொட்டியைத் திறந்து கம்பி விட்டுத் துப்புரவு செய்விப்பதே வழி. வெளிப்புறத்தில் தேயிலைத் தூசும் பூச்சியும் சேறும் அடைத்த இதழ்களைப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு பச்சையோ சிவப்போ, ஒரே வகைக் குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து பாவித்தால் துருவும் படிவும் குறையும்.

லொறியோடு வந்த விசிறி வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல லொறிகளில் பெல்ட்டினால் சுழலும் விசிறியின் நடுவே ஒரு கிளச் உண்டு. அதனுள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் ஒழுகிப்போனால், எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றாலும் விசிறி சோம்பலாகவே சுற்றும். சூடான எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு விசிறியைக் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பல சுற்றுச் சுற்றினால் கிளச் போய்விட்டது. உடனே பிடித்து நின்றால் நல்லது. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தளர்ந்த பெல்ட், திறக்காத தேர்மோஸ்டாட், தேய்ந்த தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றையும் நல்ல பாஸ் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் சொல்லிவிடுவார். சாரதியின் பழக்கமும் இதில் சேரும். டீசல் மிச்சம் என்று எண்ணி, இரண்டாம் கியரில் ஏற வேண்டிய இடத்தில் மூன்றாம் கியரில் எஞ்சினைத் திணறவைத்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பம்பும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சுமையோ அப்படியே இருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கொதிக்கிறது, அல்லது கிளச் விசிறிக்குப் பணம் இல்லை என்ற நிலையில் மின்விசிறி பூட்டலாம். ஆனால் எந்த விசிறி, எதற்குப் பதிலாக? கார்களில் மின்விசிறி வந்ததற்குக் காரணம் உண்டு. முன்சில்லால் இழுபடும் சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டபோது அதன் முன்முனை ரேடியேட்டரைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியது. பெல்ட்டினால் விசிறியைச் சுழற்ற வழியில்லாமற் போகவே மின்மோட்டார் வைத்தார்கள். லொறிகளில் எஞ்சின் நெடுக்காகவே இருப்பதால் பழைய முறை நிலைத்தது. நெடுக்கான எஞ்சினில் நேரடியாகச் சுழலும் பெரிய விசிறி இழுக்கும் காற்றை, சிறு காருக்காகச் செய்த 80 வாட் விசிறி ஒருபோதும் இழுக்காது. மூன்று தொன் உருளைக்கிழங்கோடு பெரகலை ஏறும் கன்டருக்கு, லொறியின் சொந்த விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார் விசிறி பூட்டுவது பெருந்தவறு என்பது எனது உறுதியான கருத்து. சொந்த விசிறியை வைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் துணையாக ஒன்றைப் பூட்டினால் பலன் உண்டு. அதை ரேடியேட்டரின் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் பட்டி கோத்துக் கட்டக்கூடாது. குலுங்கிக் குலுங்கி ஆறு மாதத்தில் குழாயை அராவி ஓட்டை போட்டுவிடும். இரும்புப் பட்டம் வெட்டிச் சட்டத்தில் ஆணி முறுக்கிப் பூட்ட வேண்டும். காற்று எஞ்சின் பக்கம் போகிறதா என்று ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். வயர் மாறினால் எதிர்ப்பக்கம் ஊதும்.

இனித்தான் முக்கியமான இடம். அண்மையில் நான் பார்த்த ஒரு லொறியில், விசிறிக்கு வீட்டு மின்குமிழுக்கு இழுக்கும் வயர் பாவிக்கப்பட்டிருந்தது. பெட்டரியிலிருந்து நேராக கெபினுக்குள் வந்து, சுவரில் பூட்டும் வெள்ளைச் சுவிட்ச் ஒன்றின் வழியாகத் திரும்பி விசிறிக்குப் போனது. பியூஸ் இல்லை, ரிலே இல்லை. தகரத்தில் துளைத்த ஓட்டையில் ரப்பர்கூட இல்லை. வயர் தகரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. இது ஏன் ஆபத்து என்று கேட்டதற்குச் சாரதித் தம்பி சொன்ன பதில் பலரும் சொல்வதுதான்: "230 வோல்ட்டைத் தாங்குகிற வயர், அண்ணை, 12 வோல்ட்டைத் தாங்காதா?"

இந்த எண்ணமே எல்லாத் தீமைக்கும் வேர். வயரைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, அதனுள் ஓடும் அம்பியர். 60 வாட் குமிழ் ஒன்று 230 வோல்ட்டில் எரியும்போது ஓடுவது கால் அம்பியர்தான். 240 வாட் விசிறி ஒன்று 12 வோல்ட்டில் சுழல 20 அம்பியர் வேண்டும். ஏறத்தாழ எண்பது குமிழ்கள் ஒரே வயரில் எரிவதற்குச் சமம். அதுவும் சுழன்றுகொண்டிருக்கும்போது. நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். குமிழுக்குரிய ஒரு சதுர மில்லிமீற்றர் வயரில், போகவர ஐந்து மீற்றர் தூரத்துக்கு 20 அம்பியர் ஓடினால் ஒன்றே முக்கால் வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். கரைந்தது எங்கே போனது? வயரைச் சுட வைத்தது. விசிறிக்கும் முழு வலு கிடைப்பதில்லை. விசிறி பலவீனம் என்று நினைத்து இன்னொரு விசிறியும் அதே வயரில் தொடுத்தவர்களும் இருக்கிறார்கள்! அத்துடன் வீட்டு வயர் பெரும்பாலும் ஒற்றைத் தடித்த கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது, எமது பாதைகளில் குலுங்கினால் உள்ளே முறியும். முறிந்த இடத்தில் பொறி பறக்கும். வாகனத்துக்குப் பல இழைகள் கொண்ட வயரே வேண்டும், 20 அம்பியர் விசிறிக்கு 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல்.

சுவிட்சும் அவ்வாறே. வீட்டுச் சுவிட்சும், வானொலிக்கு வைக்கும் சின்னச் சுவிட்சும் இந்த அம்பியரைத் தாங்காது, உள்ளே தகடு கருகும். ஆகையால் இடையில் ரிலே வைக்கிறோம். ரிலே என்பது பெரிய மின்னோட்டத்தைச் சின்ன மின்னோட்டத்தால் திறந்து மூடும் ஒரு கதவு. அதன் கால்களில் எண் பொறித்திருக்கும். பெட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த வயர் 30 இல் சேரும். 87 இலிருந்து தடித்த வயர் விசிறிக்குப் போகும். 85, 86 என்ற இரண்டும் உள்ளேயிருக்கும் சுருளுக்குரியவை. அதற்கு அரை அம்பியர்கூட வேண்டாம், மெல்லிய வயர் போதும். அதில் ஒன்றுக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரத்தைக் கொடுங்கள். மற்றதை வெப்பச் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு விடுங்கள். வெப்பச் சுவிட்ச் ரேடியேட்டரின் உடம்பில் திருகப்படும் சிறு பித்தளைச் சாமான். 92 பாகையில் சேர்ந்து 87 பாகையில் பிரியும் வகை பரவலாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன மூடிப் பிரச்சினையை இங்கே மறக்க வேண்டாம். 95 பாகைக்கு மேல் சேரும் சுவிட்சும் சோர்ந்த மூடியும் ஒரே லொறியில் இருந்தால், ஹப்புத்தளையில் விசிறி புறப்படுமுன் தண்ணீர் கொதித்து முடிந்திருக்கும்.

வெப்பச் சுவிட்ச் எதற்கு, சாரதியே சுவிட்சைப் போட்டு நிறுத்தலாமே என்று கேட்கலாம். மழையில், பனிமூட்டத்தில், எதிரே பஸ் வரும் வளைவில் சாரதிக்கு ஆயிரம் கவலை. ஏற்றம் தொடங்கும்போது போட மறப்பான். இறங்கி வந்து வீட்டில் நிறுத்தும்போது அணைக்க மறப்பான். இரண்டும் நடக்கும். கையால் போடும் சுவிட்ச் வேண்டுமென்றால் வெப்பச் சுவிட்சுக்குப் பக்கத்தில் துணையாக இருக்கட்டும். ரிலேயின் மெல்லிய வயரில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பியூஸ் பற்றி ஒரே ஒரு விடயம் சொல்கிறேன். பியூஸ் விசிறியைக் காப்பதற்கு அல்ல, வயர் எரியாமல் காப்பதற்கு. ஆகவே அது விசிறியின் பக்கத்தில் அல்ல, பெட்டரியின் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வயர் வழியில் எங்காவது தோல் உரிந்து செஸியில் பட்டால், பெட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் பியூஸ் இருந்தால்தான் அறுந்து காக்கும். லொறிப் பெட்டரி ஒன்று அப்படியான வேளையில் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். வயரின் பிளாஸ்டிக் உறை சில நொடிகளில் தீப்பற்றும். பக்கத்தில் எண்ணெய் கசியும் எஞ்சினும் டீசல் குழாயும் இருக்கின்றன. 20 அம்பியர் விசிறிக்கும் 4 சதுர மில்லிமீற்றர் வயருக்கும் 30 அம்பியர் பியூஸ் பொருந்தும். அடிக்கடி அறுகிறது என்று கம்பியோ சிகரட் பெட்டித் தாளோ சுற்றிவைப்பவர், பியூஸே இல்லாதவரைவிட மோசம். அது அறுவதற்கான காரணத்தை அல்லவா தேட வேண்டும்? எர்த் வயரும் அதே தடிப்பில், வர்ணத்தைச் சுரண்டிய இரும்பில் முறுக்கப்பட வேண்டும். வர்ணத்தின் மேல் முறுக்கிய எர்த்தினால் பாதி வலு போய்விடுகிறது. பிறகு விசிறியைக் குறை சொல்கிறோம்.

எமது லொறிகளில் பலவற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்ஃப், கன்டர் வகைகளில் பல 24 வோல்ட், இரண்டு பெட்டரிகள் தொடராக இருக்கும். கார் விசிறியோ 12 வோல்ட். நேரே கொடுத்தால் மோட்டார் சீக்கிரமே கருகும். இதற்கு எமது ஊர்களில் காணப்படும் குறுக்குவழி, இரண்டு பெட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுப்பது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஒல்ட்டனேட்டர் இரண்டுக்கும் ஒரே அளவாகத்தான் ஊட்டுகிறது. ஒன்று மட்டும் இரட்டிப்பாக உழைக்கிறது. உழைத்தது என்றும் பட்டினியாகக் கிடந்து கெடும், மற்றது அளவுக்கு மிஞ்சி ஊட்டப்பட்டுத் தண்ணீர் வற்றிக் கெடும். சில மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். இன்றைய விலையில் இரண்டு லொறிப் பெட்டரி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு போக மரக்கறி வருமானத்தை விழுங்கக்கூடியது. ஒரே மாதிரியான இரண்டு 12 வோல்ட் விசிறிகளைத் தொடராகக் கோத்து 24 வோல்ட்டில் ஓட்டுபவர்களும் உண்டு. ஒன்று சேறடைத்து நின்றால் மற்றதற்கு முழு வோல்ட்டும் போய் அதையும் சுட்டுவிடும். பஸ், லொறிகளின் குளிரூட்டியிலிருந்து கழற்றிய 24 வோல்ட் விசிறிகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. தேடி அதை வாங்குவதே சரி. அது கிடைக்காவிட்டால், 24 ஐ 12 ஆக்கும் மாற்றுக் கருவி, விசிறியின் அம்பியரைத் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். வானொலிக்கு விற்கும் சின்னது போதாது.

ஒல்ட்டனேட்டரின் கணக்கையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் லொறி ஒன்றின் முன்விளக்குகள் இரண்டும் ஒன்பது அம்பியர் கேட்கும். வைப்பர், பின்விளக்கு, மற்றவை சேர்ந்து இன்னும் ஏழெட்டு. விசிறிக்கு இருபது. மழையிரவில் இவை எல்லாம் ஒன்றாக இயங்கும். 40, 50 அம்பியர் தரக்கூடிய பழைய ஒல்ட்டனேட்டர், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் அதைத் தரும். வீதி மறிபட்டு வரிசையில் நிற்கும்போது பாதியும் தராது. மிச்சம் பெட்டரியிலிருந்து போகும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மரக்கறி மாத்திரமல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது, தோட்டத்தில் இருப்பவர்கள் எதில் ஏறி வெளியேறுகிறார்கள்? நடுச்சாமத்தில் முச்சக்கரவண்டி வராது. பஸ்ஸும் இல்லை. முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லாரையும் ஏற்றுவது பக்கத்தில் நிற்கும் லொறிதான். சாவியை எடுத்த பின்னும் பெட்டரியிலிருந்து நேராக ஓடும் விசிறியை அணைக்க மறந்துவிட்டால், 20 அம்பியர் வீதம் மூன்று மணித்தியாலத்தில் 60 அம்பியர் மணி போய்விடும். 70 அம்பியர் மணிப் பெட்டரியில் பிறகு ஸ்டார்ட்டரைச் சுழற்ற ஒன்றும் மிஞ்சாது. சரிவில் நிறுத்தியிருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பார்கள். இருளில், மழையில், மண் அசையும் மலையில் லொறி தள்ளுவதை நம்பியா எமது பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம்? விசிறியின் ரிலேக்குச் சாவி வழியாக வரும் மின்சாரத்தைக் கொடுங்கள் என்று மேலே எழுதியது இதற்காகவே. ஒரு முழம் வயர்தான் வித்தியாசம்.

இப்போது செலவு. ரிலே, பியூஸ் பெட்டி, வெப்பச் சுவிட்ச், நல்ல வயர் எல்லாம் சேர்ந்தால் பழைய விசிறியின் விலையோடு ஏறக்குறைய சமமாக வந்துவிடும் என்பது உண்மை. அதனால்தான் வயரிங் செய்பவரைக் குறை கூறி நிறுத்திவிட முடியாது. "மலிவாக முடித்துக் கொடுங்கள்" என்று சொன்னவர்கள் நாங்கள். சங்கக் கூட்டத்தில் விசிறிக்குப் பணம் ஒதுக்கும்போதே வயருக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். பற்றுச்சீட்டில் "விசிறி வேலை" என்று ஒரு வரி எழுதி வாங்கக்கூடாது. எத்தனை மில்லிமீற்றர் வயர், எத்தனை அம்பியர் பியூஸ், ரிலே உண்டா இல்லையா என்று எழுதி வாங்க வேண்டும். பொருளாளருக்கு மோட்டார் தெரியாமல் இருக்கலாம். எண்களைச் சரிபார்க்கத் தெரியும் அல்லவா? வாகனம் வாங்க உதவும் நிறுவனங்களிடமும் ஒரு குறை உண்டு. லொறியை ஒப்படைக்கும் நாளில் மாலையும் படமும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்குப் பின் அதன் ரேடியேட்டரைக் கழுவ ஒரு சதமும் திட்டத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை.

இந்த வேலையை எமது பிள்ளைகளே ஏன் கற்கக்கூடாது? தோட்டத்திலிருந்து கராஜுக்குப் போகும் பையன்கள் பலர் சாவி எடுத்துக் கொடுப்பதிலும் கிறீஸ் துடைப்பதிலும் மூன்று வருடத்தைக் கழிக்கிறார்கள். மோட்டார் வாகன மின்னியல் ஒரு தனித் தொழில். தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழும் அதற்கு உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகள் ஊவாவில் தமிழிலும் நடக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. பியூஸ் பெட்டியின் மூடியில் ஜப்பான் எழுத்து, ரிலேயில் ஆங்கில எண், பாடம் சிங்களத்தில் மட்டும் என்றால், கெட்டிக்காரப் பையனும் பார்த்துப் பழகியதை மட்டுமே செய்வான். காரணம் தெரியாமல் பழகியவனுக்கு வயரின் தடிப்பு வெறும் விலை வித்தியாசமாகவே தெரியும்.

ஏற்கெனவே விசிறி பூட்டிய லொறி வைத்திருப்பவர்கள் வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரத்தைச் செலவழியுங்கள். எஞ்சினைச் சூடாக்கி விசிறி சுழலும்போது, பெட்டரி முதல் விசிறி வரை வயரைக் கையால் தொட்டுக்கொண்டே போங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத இடத்தில் மெல்லிய வயரோ தளர்ந்த முனையோ இருக்கிறது. விரல்களை விசிறிக்குத் தூரமாக வையுங்கள். வெப்பச் சுவிட்ச் உள்ள விசிறி சொல்லாமல் புறப்படும். பார்த்து முடிந்ததும் பாஸிடம் வயர் ஓடும் வழியை ஒரு தாளில் தமிழில் வரைவித்து, பியூஸ் இருக்கும் இடத்தைச் சிவப்பில் அடையாளமிட்டு, பொலித்தீனில் இட்டுக் கெபினுக்குள் ஒட்டிவிடுங்கள். அதன் கீழே ஒரு சிறு டப்பாவில் மாற்றுப் பியூஸ் இரண்டும் ரிலே ஒன்றும் இருக்கட்டும்.